தாயின் கையிலுள்ள சான்று

கிசோரோ

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். எனக்குச் சற்றே சளி; கவலைப்பட ஏதுமில்லை.

மானுக்கு வைத்த சுருக்குக் கண்ணியில் சிக்கி ஒரு கொரில்லாக் குட்டி இறந்தது. கண்ணி வைத்தவருக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதிடும் நான், சடலத்தைச் சான்றாகப் பெற மலைக்காட்டுக்குச் சென்றேன்.

"இருமுறீங்களே, தள்ளி நில்லுங்க வக்கீலய்யா! உங்க சளி ஒட்டுனா மொத்தக் கொரில்லாக் குடும்பமும் செத்துப் போயிரும்," என்றார் வனக்காவலர் முன்யானேசா. "குட்டிய அதோ தாய் தூக்கிட்டுத் திரியுது. முடிஞ்சா நீங்களே கேட்டு வாங்கிக்குங்க."

சான்றின்றி வழக்கு தோற்கலாம். ஆயினும் தாயிடமிருந்து அதைப் பறிக்க மனமின்றி வாய்தா கோரினேன். நீதிபதி காரணம் கேட்டார். "தாய் இன்னும் கீழே வைக்கவில்லை" என்றேன். அவர் வழக்கை ஒத்திவைத்தார்.

தபால் வண்டி புறப்படுகிறது. இங்கே குளிர் அதிகம். தாங்கள் போர்த்தும் சால்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தங்கள் மகன்,
பஹிசி