பாலாகிப்போன நுரை

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்தான்.

எண்ணூரில் எங்கள் கம்பெனியின் கழிவுநீர் விழும் கால்வாயைக் காலண்டருக்குப் படமெடுக்கச் சொன்னார்கள். "ஷட்டரை மெதுவா விடு, நுரை தெரியக் கூடாது" என்றான் மேனேஜர். அந்த மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுத்தேன். ஓடுகிற நுரையெல்லாம் படத்தில் பாலாக வழுவழுத்தது.

மீன் விற்கும் பவானி அக்கா கேமராவை எட்டிப் பார்த்தார். கேமராவை என் கையில் விட்டு, அதன் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டார். "சோக்கா கீது நைனா. இந்தத் தண்ணில எறங்கி நின்னு இன்னொண்ணு எடு, அப்பால ஸ்டாண்டத் தரேன்." முறைத்துக்கொண்டே இறங்கினேன்.

பயப்படாதே, முழங்கால்வரை அரிப்புதான். நீ காய்ச்சும் வேப்பெண்ணெய் கொஞ்சம் அனுப்பு. இங்கே தடவிவிட ஆளில்லை, நானே தடவிக்கொள்கிறேன்.

காலண்டர் வந்தால், என் பிள்ளை எடுத்தது என்று சுவரில் மாட்டிவிடாதே.

திலீப்