மகள் என்ன படிக்கிறாள்

மார்ச் 2, ஞாயிறு
மேட்டுப்பாளையத்தில் சென்னகிருஷ்ணன் அண்ணன் வீட்டு விருந்து. பந்தியில் கேட்டார்: "ஏப்பா பாலு, உன்ற மக தேஜா பல்கேரியால என்ன படிக்குது?"
ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னென்ன பெயர் வைத்தார்கள், அவை எங்கிருந்து வந்தன என்று ஆராய்கிறாள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் இதை எப்படிச் சொல்ல? பத்தாவதோடு லேத் பட்டறைக்குப் போன எனக்கும் விளங்கவில்லை.
"மெடிசனுங்கண்ணா."
இலையில் இன்னொரு வடை விழுந்தது. பொய்க்குக் கூலி!

மார்ச் 5
அண்ணன் பட்டறைக்கே வந்துவிட்டார், மருமகள் மௌனிகாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு. இரண்டு பிள்ளை பிறந்து தங்காத பெண். இப்போது ஏழாம் மாதம்.
"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்றாங்க. இதத் தேஜாவுக்கு அனுப்பு. அது சொன்னாப் போறோம்."
வாங்கி வைத்துக்கொண்டேன். மனுசனா நான்?

மார்ச் 6
அண்ணன் போனில்: "அனுப்பிச்சயா?" "அனுப்பிட்டனுங்கண்ணா." ரிப்போர்ட் இன்னும் பட்டறையில்தான்.

மார்ச் 7
மனைவி ராமாமணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.
"பெத்த மக படிப்பச் சொல்ல உங்களுக்கு வெக்கம். அங்கொருத்தி வவுத்தப் புடிச்சுட்டு உக்கோந்திருக்கா. எந்திரிங்க மொதல்ல!"
போய்ச் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "மௌனிகா, கெளம்பு கண்ணு" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு அறை விட்டிருக்கலாம்.

மார்ச் 9
மௌனிகாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தேஜாவுக்கும் நானே போன் செய்து சொன்னேன். அவள் கேட்டாள்: "நான் படிக்கறது அவ்வளவு அசிங்கமாப்பா?"
பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.
"மௌனிகா அண்ணி நம்பர் குடுங்க," என்றாள். அவ்வளவுதான்.

மே 18
மௌனிகாவின் பையனுக்கு இன்று பெயர் வைத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். தேஜா அவளோடு அடிக்கடி பேசுகிறாளாம் — எனக்குத் தெரியாது.
பிள்ளை தங்காத வீட்டில் அந்தக் காலத்துப் பல்கேரியாக்காரர்கள் ஸ்தோயான் என்று வைப்பார்களாம். நில்லு, போய்விடாதே என்று அர்த்தமாம். நோய் பயந்து ஓடட்டும் என்று ஓநாய் என்றும் வைப்பார்களாம்.
"ஓநாய் மட்டும் வேண்டாமுன்னுட்டனுங்க மாமா," மௌனிகா சிரித்தாள்.
பள்ளிக்கூடத்துக்கு வேறு பெயர். வீட்டில் கூப்பிட ஸ்தோயான்.
வந்தவர்களெல்லாம் விழித்தார்கள். அண்ணன் என்னைக் கை காட்டினார்: "அதா, அவனக் கேளுங்க. அவன் மக படிப்பு அது."
ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால், அந்தப் பொய்க்கு ஒரு காரணமாவது இருந்தது என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.