இருட்டில் பாடிய கூட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே உன் வீட்டில் நானும் அத்தானும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால், ஆம் என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே நீயும் உன் மகனும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் வேலைச் செய்தி. வானொலியில் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும் வரைதான் என்கிறார்கள். ஆனால் அதற்குள் என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். நல்ல குரல். ழகரத்தோடுதான் கொஞ்சம் தகராறு.

காலையில் நான் வாசிக்கும் 'இன்று இசையில்' உனக்குத் தெரியும். இன்ன பாடகர் பிறந்த நாள், இன்ன இசைத்தட்டு வெளிவந்த நாள், இன்னார் கடைசியாக மேடையேறிய நாள் என்று கொஞ்ச நேரம் பேசி, ஒரு பாட்டைப் போட்டு முடிப்பேன். நம் வாலு நம்மை விட்டுப் போன நாளில் மட்டும் வருடம் தவறாமல் லீவு போட்டுவிடுவேன். எனக்குப் பதில் வாசிப்பவருக்கு இந்த வருடம் மஞ்சள் காமாலை. வேறு வழியில்லாமல் போனேன். அதே நாளில் பிறந்த யாராவது பழைய பாடகரைப் பற்றிச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மேலாளர் ஒரு தாளோடு காத்திருந்தார். வாலு போயிருந்த அந்தக் கச்சேரி நடந்து பத்து வருடம் ஆகிறதாம். யாரோ ஒரு ரசிகர் கைபேசியில் பிடித்து வைத்திருந்த ஒலிப்பதிவைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடுகிறார்களாம். அன்றைய விளம்பரமும் அவர்களுடையதாம். தாளில் இருந்ததை எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இசை வரலாற்றில் மறக்க முடியாத இரவு. மைதானத்தில் கரண்ட் போனது. மைக் இல்லை, விளக்கு இல்லை. பாடகர் நிறுத்தவில்லை. மைதானமே அவரோடு சேர்ந்து பாடியது. அவ்வளவுதான். பின்வாசல் கதவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

ஒலிப்பதிவை முதலில் கேட்டுப் பார்த்தேன். அக்கா, மனதைத் திடப்படுத்திக்கொள். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் பெரிய ஆரவாரம் ஒன்று வருகிறது. எல்லோரும் சிலாகித்து எழுதுகிற ஆரவாரம். ஹெட்போனில் கேட்டால் அது சந்தோஷக் கூச்சல் இல்லை. தூரத்தில், பின்னாலிருந்து வருகிறது. கதவைத் திற, கதவைத் திற என்று. முன்னால் நிற்பவர்களுக்கு அது கேட்கவே இல்லை. அவர்கள் பாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்தார். எனக்கும் பிள்ளைங்க இருக்கும்மா, ஆனா இப்ப நேரமில்லை, வாசிச்சுட்டு வந்துடு, அப்புறம் பேசிக்கலாம் என்றார். கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

ஒலிபரப்பு தொடங்கும் சிவப்பு விளக்கு எரிந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு டிக்கெட் இல்லாதவர்கள் நுழைந்துவிடக் கூடாதென்று பின்வாசலைப் பூட்டியிருந்தார்கள், இருட்டில் வெளியே போகப் பார்த்தவர்கள் அந்தக் கதவில் நசுங்கினார்கள், பதினோரு பேர் வீடு திரும்பவில்லை, அதில் ஒருத்தி என் அக்கா மகள், காலேஜ் படித்துக்கொண்டிருந்தவள், வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம் என்றேன். இந்தப் பதிவில் நீங்கள் கேட்கப்போவது ஆரவாரம் இல்லை, அதனால் போட மாட்டேன் என்றும் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு சோப்பு விளம்பரத்தைப் போட்டு என்னை மூடினார்கள்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை அக்கா. இசைத்தட்டு கடைக்கு வந்துவிட்டது. நன்றாகவே விற்கிறதாம்.

உன்னைக் கேட்காமல் அவளைப் பற்றி ஊரறியச் சொல்லிவிட்டேன். கோபமாக இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் இதையும் படி.

அந்த வாரக் கடைசியில் ஒருவர் வானொலியில் விசாரித்து வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கண்ணாடி அறுக்கும் கடையில் வேலை. ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததாம். வாலு என்று நான் சொன்னதும் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டாராம். அந்தக் கதவோரம் அவரும் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். பெயர் கேட்டதற்குப் பக்கத்தில் இருந்த பெண் தன்னை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள் என்று மட்டும்தான் சொன்னாளாம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரைப் போய்த் தேடுவது? பத்து வருடமாக மனசிலேயே வைத்திருந்திருக்கிறார்.

உடனே போய்விட்டாள், வலி தெரிந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் நமக்குச் சொன்னார்கள். அது உண்மை இல்லை அக்கா. இதை மறைத்துவிடலாமா என்று எத்தனையோ முறை யோசித்தேன். அந்தப் பாட்டு முடிகிற வரை அவளுக்கு நினைவு இருந்திருக்கிறது. பேசியிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லச் சொல்லி ஒன்று சொல்லியிருக்கிறாள்.

நாங்கள் பேசுவதைக் கேட்டு அத்தான் உள்ளேயிருந்து வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைப் பார்த்து, நீதானே அனுப்பி வச்சே என்று அவர் கேட்டாரே, அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. நீ மகனோடு கிளம்பிய அன்றுகூட அவர் அறையை விட்டு வரவில்லை. தேடி வந்தவரோ அம்மாகிட்டதான் சொல்வேன் என்று நின்றார். நான் அப்பாங்க, எங்கிட்ட சொல்லுங்க என்று அத்தான் கெஞ்சினார். இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் சமையலறையில் குழாயைக்கூடத் திறக்காமல் நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அத்தான் அழுகிற சத்தம். அந்த மனிதர் அழுது நான் கேட்டதே இல்லை.

அவர் கிளம்பும்போது அத்தான் வாசல் வரை கூடவே போய், அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். அது உங்க அக்காவுக்கு வந்த செய்தி, அவகிட்ட நான்தான் சொல்லணும், போன்ல இல்லை, நேர்ல என்றார். வரச் சொல்லி எழுது என்றார்.

இதை ஒட்டுவதற்கு முன், நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள் என்று அத்தானிடம் பேனாவை நீட்டினேன். வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்க இப்ப குளிர் ரொம்பவான்னு கேட்டு எழுது, வரும்போது அவளைக் கால்வலி மாத்திரையை மறக்காம எடுத்துக்கச் சொல்லு என்றார்.

வா அக்கா. நல்லபடியாக வந்து சேர்.

என்றும் உன்
தங்கை