மீன் வாசம் இல்லாத அப்பா

செவ்வாய், ராத்திரி.

அந்த ரோபோ சீரியலை இனிமே வீட்டுல போடக்கூடாது. முத்தம் இல்ல, வெட்டுகுத்து இல்ல, குடும்பத்தோட பாக்கலாம்னு நான்தான் போட்டேன். நேத்து அதுல ஒரு மெஷினு அப்பா மாதிரியே வீட்டுக்குள்ள வந்துச்சு. மூஞ்சி, குரல் எல்லாம் அப்படியே. மனுச வாசம் மட்டும் இல்ல.

மீன்பிடித் தடைக்காலம்னு இவரு சேதராப்பட்டு கம்பெனிக்குப் போறாரு. இன்னைக்கு சாயங்காலம் அங்கேயே சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வந்து பாப்பாவைத் தூக்கினாரு. அவ அவரு கையை மோந்து பாத்துட்டுக் கத்தினா. "அம்மா, இது அப்பா இல்ல! அப்பா மேல மீன் வாசம் வரும்!"

அவரு சிரிச்சாரு. கடலுக்குப் போட்டுட்டுப் போற சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டாரு. அப்பவும் அவ என் முந்தானையை விடல.

"சட்டை மட்டும்தான் அப்பாவோடது"ன்னா.

அதுக்கப்புறம் அவரு சிரிக்கல. சாப்பிடும்போது, "தடை முடிஞ்சாலும் நான் கடலுக்குப் போகல, கம்பெனியிலேயே இருந்துடறேன்"னாரு. கடலைப் பத்தி இப்படிப் பேசுற ஆளே இல்ல அவரு.

இப்ப பக்கத்துல தூங்குறாரு. நானும் அவரு கையை மோந்து பாத்தேன். வெளக்கை அணைக்க பயமா இருக்கு.