நான்காம் வருடத்து மிளகு

ஜூலை 6
எதையும் எண் போட்டுக் குறிப்பாக எழுதுவது ஆபீஸ் பழக்கம். ஓய்வு பெற்றும் விடவில்லை.

1. நான் சூதாடி. சீட்டைத் தொட்டதில்லை, ஆனாலும் சூதாடி.
2. மிளகுக் கொடிகளைக் காய்க்குமுன்பே குத்தகைக்கு எடுத்து மூன்று வருடம் விட்ட பணம் திரும்பி வராது.
3. இந்த வருடம் எடுக்க மாட்டேன்.
4. நான் விலகிய வருடம் பார்த்துக் கொடி காய்த்துத் தள்ளினால், அதை என்னால் தாங்க முடியாது.

மூன்றாவதை இரண்டு முறை அடித்து எழுதினேன். நான்காவதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஏன்?

ஜூலை 7
முதல் வருடம் மழை தவறிப் பூச்சரங்கள் கொட்டின. அடுத்த வருடம் கொடிக்கு வாடல் நோய். போன வருடம் காய்த்தது, விலை விழுந்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரே வருடம், விட்டதை எடுத்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். ஓய்வு பெற்றபோது வந்த பணம் அத்தனையும் போயிற்று. மிச்சம், மலைக்குக் கீழே வாடகைக்கு விட்டிருக்கும் காளப்பநாயக்கன்பட்டி வீடு. இந்த மலைக்குளிரில் மனைவி மைதிலிக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது. அந்த வீட்டுக்கே போய்விடலாம் என்கிறாள். குத்தகை புரோக்கர் செல்வம் அதன் பத்திரத்தை அடகு வைக்கச் சொல்கிறான்.

ஜூலை 11
கொடிகளின் சொந்தக்காரர் ராசப்பன் தோட்டத்துக்குப் போனேன். கொடி படர்ந்த சில்வர் ஓக் மரமெல்லாம் புதுத் தளிர்.
"ஏனுங்க சார், இந்த வருசமும் உங்களுக்கேதானுங்களா?"
வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். "பார்க்கலாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சீ.

ஜூலை 12
பெட்டியிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான். மைதிலி கண்டுவிட்டாள்.
"எடுத்தது எடுத்தீங்க, அந்தப் பெட்டியில என் சேலைய அடுக்கிருங்க. எங்க தங்கச்சி ஊட்டுக்குப் போறேன். நீங்க கொடியோட குடித்தனம் பண்ணுங்க."
விளையாட்டுக்குச் சொன்னாளா? சிரிக்கவில்லையே.

ஜூலை 15
செல்வம் வீட்டுக்கே வந்துவிட்டான். டீயை உறிஞ்சிக்கொண்டே, "மூணு வருசம் பொறுத்துட்டு, காய்க்கிற வருசத்துல ஓடறீங்களே சார்! இப்ப விட்டா, போனது போனதுதானுங்க" என்றான்.
வழக்கமாக இந்த இடத்தில்தான் விழுவேன். உள்ளே மைதிலி பாத்திரங்களை மூட்டை கட்டும் சத்தம்.
"போகட்டும்யா! போனது போனதாவே இருக்கட்டும். தோத்துட்டேன். தோத்துட்டேன்னு நானே சொல்றேன், கேட்டுக்க!"
என் குரலா அது? ஆபீசில் பியூனைக்கூட அதட்டியதில்லை.
"சார் பயந்துட்டாரு" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனான்.
ஆமா, பயந்துட்டேன். பயந்தவனாவே இருந்துட்டுப் போறேன், என்ன இப்ப?

ஜூலை 16
ராசப்பனிடம் நேரில் போய், வேண்டாம் என்றேன். "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான். இதற்கா மூன்று வருடம்?

அக்டோபர் 20
சந்தையில் ராசப்பன். "இப்படிச் சரம் புடிச்சு என் ஆயுசுல கண்டதில்லீங்க சார்."
மனசு கிலோவையும் விலையையும் பெருக்கிப் பார்க்க ஆரம்பித்தது. பெருக்கட்டும். கால் தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 9
கொடி காய்த்துத் தள்ளிவிட்டது. விலையும் ஏறிவிட்டது. எடுத்திருந்தால் மூன்று வருடத்து நட்டமும் திரும்பியிருக்கும்.
காளப்பநாயக்கன்பட்டி வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். நாளை எங்கள் சாமான் அங்கே போக லாரியில் ஏறுகிறது. ராசப்பன் வழியனுப்ப வந்தார், கையில் ஒரு பை மிளகு. "சங்கடப்படாதீங்க சார்" என்றார். மைதிலி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ரசத்துக்குப் போடு" என்றேன்.
இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல காரம்.
ஜூலையில் எழுதிய நான்காவது குறிப்பு தவறு.