முப்பது டிகிரியில் பாதி உயரம்

என் அன்புத் தம்பி சாமு,

'கண்ணு' என்று தொடங்கத்தான் கை போனது. அப்படித் தொடங்கினால் நீ சும்மா விடமாட்டாய். "கண்ணா? அது எங்க கீது அக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் தெரியாமல் திணறுவதை ரசிப்பாய். அதனால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

சில நாளாக எனக்கு இருப்பு கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். விடைத்தாள் கட்டைப் பிரித்து ஒன்றைத் திருத்துகிறேன், மறுபடி கட்டி வைக்கிறேன். "இன்னா ஆச்சி உனக்கு? வூட்டுக்குள்ளயே நடந்துகினு கீற?" என்கிறார் உன் மாமா. அவரிடம் என்ன சொல்வது? எனக்கு வந்திருப்பது சந்தோஷமா கவலையா என்று எனக்கே பிடிபடவில்லை. உன்னிடம் சொன்னால் தெளியும் என்று தோன்றுகிறது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ அப்படியே போய்விட்ட பிறகு, கணக்கு சம்பந்தப்பட்ட எதையும் சொல்ல எனக்கு ஆள் இல்லை. நம்மைத் தெரியாதவர்கள் இதைப் படித்தாலும் படிக்கட்டும், பரவாயில்லை.

என் வகுப்பில் கௌசி என்று ஒரு பெண் இருந்தாள். முழுப் பெயர் கௌசல்யா. புதுப்பட்டினம் கடற்கரைப் பக்கம் வீடு. அம்மா செல்வி, மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கௌசிக்கு உன்னைப் போலவே பிறவியிலிருந்து பார்வை கிடையாது. எட்டாவது வரை பார்வையற்றோர் பள்ளி விடுதியில் இருந்துவிட்டு, அம்மாவை விட்டு இருக்க முடியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு எங்கள் அரசுப் பள்ளிக்கு வந்தவள். முதல் பெஞ்சில் தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தச் சாய்வை வேறு எங்கே பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

போன வருஷம் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியலை ஃபோன் வைத்து நடத்தினேன். ஒரு ஆப்பில், விரலால் இழுத்தால் முக்கோணம் நிமிரும், படுக்கும். பக்கத்திலேயே சைன், காஸ் மதிப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, ஃபோனைச் சாய்த்தால் எத்தனை டிகிரி சாய்வு என்று காட்டும். அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தைக் கண்டுபிடித்தார்கள். 'டேன் தீட்டா' என்றாலே கொட்டாவி விடுகிற வகுப்பு ஒரே கூச்சலாகக் கிடந்தது. எனக்கும் பெருமைதான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் கௌசி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப இன்னா ஆச்சி மிஸ்? எதுக்கு எல்லாம் கத்துறாங்கோ?"

"முக்கோணம் நிமிர்ந்துச்சும்மா."

"எப்டி நிமிர்ந்துச்சி?"

எப்படி என்று சொல்வது? கண்ணாடித் திரையைத் தடவினால் எல்லாம் ஒரே வழவழப்பு. சக ஆசிரியை ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "படம் வர்ற கணக்க விட்டுடச் சொல்லுங்க டீச்சர். மீதியிலயே பாஸாயிடும்."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீதான். பத்தாவது முடித்ததும் கணக்குப் பிரிவு கேட்டாய். "உங்க பையனோட நல்லதுக்குத்தான் சொல்றேன், வரலாறு எடுக்கட்டும்" என்று தலைமையாசிரியர் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். அப்பா அதை வந்து சொன்னபோது நீ "சரி" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு, நான் பி.எஸ்சி. கணக்குப் புத்தகத்தை எடுத்தால், "உரக்கப் படிக்கா" என்று பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாய். பரவளையம் என்றால் என்ன வடிவம் என்று கேட்டாய். உன் முதுகில் விரலால் வரைந்து காட்டினேன். "பைப்ப சாச்சிப் புடிச்சா தண்ணி போய் வுழும்ல, அதுதான?" என்றாய். அதுதான் என்றேன். உனக்கு அத்தனையும் புரிந்தது. ஆனால் பரீட்சை எழுத உனக்கு வரலாறுதான் இருந்தது. பிறகு அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ். சிரித்துக்கொண்டேதான் போனாய், வந்தாய். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது, சாமு? நீ ஒருநாளும் சொன்னதில்லை.

பீரோவில் வைத்திருந்த உன் ஃபோனை அன்று எடுத்து சார்ஜ் போட்டேன். திரையில் இருப்பதையெல்லாம் அது படித்துச் சொல்லுமே, அதற்காக. சாய்வு பார்க்கிற ஆப்பை அதில் ஏற்றினேன். தொட்டால் 'கிர்ர்' என்று ஏதோ சொல்கிறது, எனக்கு ஒரு எழுத்து விளங்கவில்லை. அத்தனை வேகமாகப் பேசும்படி வைத்திருக்கிறாய்! வேகத்தைக் குறைக்க வழி தெரியாமல் அப்படியே பள்ளிக்கு எடுத்துப் போனேன்.

கௌசி அதை வாங்கிக் காதோரம் வைத்தாள். "செவன் பாயிண்ட் ஃபோர்னு சொல்லுது மிஸ்" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா புரியுது?"

"இது இன்னா ஸ்பீடு? எங்க ஹாஸ்டல்ல அண்ணாங்கள்லாம் இத விட ஸ்பீடா வெச்சிருப்பாங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. பீரோவுக்குள் நான் மூடிவைத்திருந்த ஒன்றை அந்தப் பிள்ளை சாதாரணமாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

பிறகு வேலையில் இறங்கினோம். மீட்டர் ஸ்கேல் ஒன்றில் ஃபோனை ரப்பர் பேண்டால் கட்டினோம். ஸ்கேலின் ஒரு முனை மேசையிலேயே இருக்கும், மறு முனையைக் கௌசி தூக்குவாள். அந்த முனையின் உயரத்தை அளக்க, இன்னொரு மீட்டர் ஸ்கேலை அவள் தோழி நிமிர்த்திப் பிடித்துக்கொள்வாள். அதில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தீக்குச்சி ஒட்டியிருந்தேன், கௌசி தடவி எண்ணுவதற்கு. ஃபோன் கோணத்தைச் சொல்லும், அவள் கை உயரத்தைச் சொல்லும். ஸ்கேலின் நீளம் ஒரு மீட்டர் என்பதால் அந்த உயரம்தான் சைன்.

தூக்கிக்கொண்டே போனவள் முப்பது டிகிரியில் நின்றாள். குச்சிகளை எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

"மிஸ், தர்ட்டிலயே பாதி உயரம் வந்துட்ச்சி."

"ஆமாம். சைன் முப்பது அரை. மனப்பாடம் பண்ணியிருக்கியே."

"அது தெரியும் மிஸ். ஆனா மிச்சம் பாதி ஏறுறதுக்கு இன்னும் அறுபது டிகிரி வேணுமே? மேல போவப் போவ எதுக்கு இவ்ளோ மெதுவா ஏறுது?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அட்டவணையில் எல்லாரும் எண்களைப் பார்த்தார்கள், ஏறுகிற வேகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவளே ஸ்கேலை இன்னும் தூக்கினாள். "நிமித்தி வெச்ச ஸ்கேலு உள்ள உள்ள வந்துகினே கீது மிஸ். மேல ஏறுறது கொறையுது, உள்ள வர்றது ஜாஸ்தியாவுது." மேசையில் இருக்கிற முனையிலிருந்து அந்த ஸ்கேல் வரை உள்ள தூரம்தான் காஸ் என்றேன். அவள் முகம் போன போக்கை நீ கேட்டிருக்க வேண்டும். ஆமாம், கேட்டிருப்பாய், "ஹோ" என்று அப்படி ஒரு சத்தம் போட்டாள். அதற்கப்புறம் பையன்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேலைத் தூக்கிப் பார்க்க வரிசை கட்டினார்கள்.

பொதுத்தேர்வில், அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் கொடுத்தார்கள். நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். எங்கள் பள்ளி பத்தாவதோடு சரி. பதினொன்றாம் வகுப்புக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். கணக்கும் கம்ப்யூட்டரும் இருக்கிற பிரிவுதான் வேண்டும் என்றாள் கௌசி. செல்விக்கு அதில் இஷ்டமே இல்லை. "எதுக்கு மிஸ் இந்த பேஜாரு? அவங்க குடுக்குற குரூப்ல குந்திக்கினு படிக்கட்டும். ஒரு வேல கெடச்சா போதும்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? அப்பாவும் அப்படித்தானே நினைத்தார்.

மூன்று பேருமாக அந்தப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் மரியாதையான மனிதர்தான், டீ வரவழைத்தார். "டீச்சர், என்னைத் தப்பா நினைக்காதீங்க. கணக்குல முக்கால்வாசி போர்டுல வரையறது. சொல்லிக் கொடுக்க எங்ககிட்ட ஆள் இல்ல. பசங்க ஃபோன் கொண்டு வரவும் கூடாது. பாப்பாவோட நல்லதுக்குத்தான் சொல்றேன், வரலாறு எடுக்கட்டும்" என்றார்.

அதே வார்த்தைகள், சாமு. ஸ்கேல், தீக்குச்சி, ஃபோன் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி டீச்சர், நாளைக்கு ஃபெயிலாயிட்டா அந்தப் பிள்ளை மனசு உடைஞ்சிடாதா?" என்றார். கௌசி கைகளை மடியில் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

அப்போது செல்வி எழுந்து நின்றாள்.

"சார், எம் பொண்ணு ஃபெயிலாயிடுவான்னுதான பயப்படறீங்கோ? ஃபெயிலாவட்டும் சார். உங்க ஸ்கூல்ல வேற எந்தப் புள்ளயும் ஃபெயிலாவறதே இல்லியா? அதுங்கள எல்லாம் இப்டி கேட்டுக்கினா சேக்குறீங்கோ?"

வரும் வழியெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அவள்! எது அவளைத் திருப்பியது என்று இன்னும் எனக்குத் தெரியாது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலாண்டுத் தேர்வு வரைக்கும் பார்க்கலாம். ஃபோன், கணக்கு சார்கிட்ட இருக்கட்டும், அந்தப் பீரியட்ல வாங்கிக்கட்டும்" என்றார். உன் ஃபோனை அவளுக்கே கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

முதல் வாரமே கௌசி ஃபோன் பண்ணினாள். "புது சாரு போர்டுல எழுதிக்கினே 'இதுவும் இதுவும் சேந்தா இது வரும்'னு சொல்றாரு மிஸ். எது எதுன்னே தெரியல." "அவரையே கேளு" என்றேன். கேட்டிருக்கிறாள். சின்ன வயதுக்காரர், பதறிப் போயிருக்கிறார். எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லப் பழகிக்கொண்டாராம். அதன் பிறகு கடைசி பெஞ்சுக்கும் புரிகிறது என்று பையன்கள் சொல்கிறார்களாம்.

இப்போது காலாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் வந்திருக்கிறது. எனக்கு இருப்பு கொள்ளாமல் போனது அதனால்தான்.

"ஃபெயிலு மிஸ்" என்றாள் கௌசி. "க்ளாஸ்ல பாதிப் பேரு ஃபெயிலு. நானும்."

அவ்வளவுதான், வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு சாரிடம் பேசும்வரை எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. அவர் சொன்னார்: "எச்.எம். கூப்பிட்டுக் கேட்டாரு மேடம். அவள மாத்தணும்னா ஃபெயிலான அத்தன பேரையும் மாத்தணும் சார்னு சொல்லிட்டேன். அதோட விட்டுட்டாரு. ஃபெயிலானவங்களுக்கு ஸ்பெஷல் க்ளாஸ் வெக்கிறேன், அவளையும் வரச் சொல்லிட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தவள்தான். ஒரு பிள்ளை தோற்றதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? ஆனாலும் மற்றவர்களோடு சேர்ந்து தோற்று, மற்றவர்களோடு சேர்ந்து ஸ்பெஷல் க்ளாஸில் உட்கார அவளுக்கு ஒரு பெஞ்ச் இருக்கிறது. உனக்கு அது கூடக் கிடைக்கவில்லையே, சாமு. கணக்கில் ஃபெயிலாகக்கூட உன்னை விடவில்லையே. அடுத்த தேர்விலும் இப்படியே ஆனால்? அந்த சார் மாற்றலாகிப் போய்விட்டால்? தெரியவில்லை.

அவள் எங்கே மதிப்பெண் விட்டாள் என்று பார்த்தேன். தொண்ணூறு டிகிரியைத் தாண்டிய கோணங்கள். எங்கள் ஸ்கேல் மேசைக்கு மேலே மட்டும்தானே போகும்? நூற்றெண்பதைத் தாண்டினால் மேசைக்குக் கீழே இறங்க வேண்டும். நான் அதை யோசிக்கவில்லை, அவளே யோசித்திருக்கிறாள். "சைக்கிள தல கீழா நிக்க வெச்சி, வீல்ல ஃபோன கட்டிச் சுத்துனா இன்னா மிஸ்?" என்றாள். சனிக்கிழமை அவள் வீட்டு வாசலில் அதைத்தான் செய்யப்போகிறோம். முதல் சுற்றிலேயே ஃபோன் தெறித்துவிடும் என்கிறார் உன் மாமா. கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்னும் எத்தனை தேர்வில் அவள் தோற்றாலும், "இது உனக்கு வேண்டாம்மா, விட்டுடு" என்ற சொல் என் வாயிலிருந்து வராது. விட வேண்டுமென்றால் அவளாக விடட்டும். அதுவரை நான் அவள் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டேதான் இருப்பேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னோடு பிறந்தவள்,
ரூத் அக்கா