ஆடியைப் போகவிட்ட மதினிக்கு

மதினி,

இன்று காலை தானியக் குலுக்கையைத் திறந்ததும் புதுச் சோளத்தின் வாசனை முகத்தில் அடித்தது. நீங்கள் இல்லாத இந்த வீட்டில் உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

அண்ணன் காய்ச்சலில் போன பிறகு காட்டு வேலைக்கு நீங்களும் நானும்தான். அப்போது அடுத்தடுத்து மழை பொய்த்துக்கொண்டிருந்தது. பஞ்சம் தலைமுறைக்கு ஒருமுறை வரும் என்பார்கள். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு அந்தக் கணக்கே தப்பிவிட்டது. வீட்டில் மிஞ்சியது ஒரு பானை விதைச் சோளம். ஆடிச் சாரல் விழுந்ததும் ஐயா ஏரைப் பூட்டச் சொன்னார். நீங்கள் பானையை விட்டு நகரவில்லை.

"மாமா, ஆடிச் சாரல் முளைக்க வச்சுட்டு ஓடிப்போகுது. இப்பல்லாம் ஐப்பசி மழைதான் நின்னு பெய்யுது. புரட்டாசியில போடுவோம்."

"எங்க பாட்டன் காலத்துல இருந்து ஆடிதான், ஆத்தா!"

"உங்க பாட்டன் காலத்து மழை இப்ப எங்க மாமா இருக்கு?"

ஐயா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். ராயப்பன்பட்டியே பச்சையாக நின்றபோது நம் காடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வருகையில் பக்கத்துக் காட்டுக்காரர், "முழங்கால் போட்டா தரிசு விளைஞ்சிருமோ?" என்று சிரித்தார். நீங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தீர்கள்.

ஆவணியில் ஒரு துளி இல்லை. பயிரெல்லாம் கருகியது. பல குடும்பங்கள் கூடலூர் வழியாக மலையேறி மலையாளத்துக்குப் பிழைக்கப் போயின. நாம் கீரையும் கிழங்கும் தின்றோம்; விதையில் கை வைக்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் விதைத்தீர்கள். ஐப்பசி பிறந்ததும் வானம் திறந்துகொண்டது.

தையில் கதிர் அறுத்ததும் முதல் மரக்கால் விதையை, அன்று சிரித்தவர் வீட்டுக்கே அனுப்பினீர்கள். ஐயா கோயில் வாசலில் நின்று, "இது எம் மருமக பண்ணுன வெள்ளாமை!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

இப்போது மலையைக் குடைந்து அந்தப் பக்கத்துத் தண்ணீரை நம் ஆற்றில் விட்டிருக்கிறார்கள். இனிப் பஞ்சமே இல்லை என்கிறார்கள். நம் மேட்டுக்காட்டுக்கு அந்தத் தண்ணீர் ஏறாது. நமக்கு இன்னும் வானம்தான்.

இந்த வருஷம் சாரல் ஆனியிலேயே தொடங்கி விடாமல் பெய்தது. நான் ஆடியிலேயே விதைத்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் பதறி ஓடி வந்தார்.

"ஏலே, உங்க மதினி புரட்டாசின்னுல்ல சொன்னாக?"

"மதினி மாசத்தச் சொல்லல, மாமா. மழையப் பாக்கச் சொன்னாக."